கமானியும் வில்லும்: இந்தியக் கார்களின் அடியில் எழுதப்பட்ட ஒரு வரலாறு

பாரசீகத்தில் ‘கமான்’ என்றால் வில். அதிலிருந்து பிறந்த ‘கமானி’ என்னும் சொல்லையே வட இந்திய மோட்டார் பட்டறைகள் வண்டியின் பட்டைவில்லுக்கு வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அது ‘கமான் பட்டை’. மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே, அடியில் எஃகு வில் பொருத்திய மாட்டுவண்டிக்குத் தமிழில் ‘வில்வண்டி’ என்றும் மலையாளத்தில் ‘வில்லுவண்டி’ என்றும் பெயர் இருந்தது. ஆங்கிலம் இக்கருவியைத் துள்ளலின் பெயரால் அழைத்தது. இந்திய மொழிகளோ, வளைந்தும் முறியாத ஒரு படைக்கருவியின் பெயரால் அழைத்தன.

அந்த வில்லின் மேல் அமர்ந்து செல்வது எல்லோருக்கும் வாய்த்த உரிமையாக இருக்கவில்லை. 1893இல் திருவிதாங்கூரில் புலையர் சமூகத்தைச் சேர்ந்த அய்யன்காளி ஒரு வில்லுவண்டியை வாங்கி, தலைப்பாகை அணிந்து, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதை ஓட்டிச் சென்றார். கேரள வரலாற்றில் ‘வில்லுவண்டிப் பயணம்’ என்று பதிவான அந்நிகழ்வில் சாலையைப் போலவே வண்டியும் ஒரு செய்தியைச் சொன்னது. குலுங்காமல் பயணம் செய்யும் உடல் எது, குலுங்கவேண்டிய உடல் எது என்பதைச் சாதி முன்கூட்டியே வகுத்திருந்தது. இந்தியாவில் சஸ்பென்ஷனின் வரலாற்றைப் பொறியியலாக மட்டும் எழுதிவிட முடியாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

காரின் சஸ்பென்ஷனை மேம்படுத்துவது இன்று பெரும்பாலும் வசதிபடைத்த ஆர்வலர்களின் பொழுதுபோக்காகப் பேசப்படுகிறது. இறக்குமதி செய்த ஷாக் அப்சார்பர், உயரம் மாற்றத்தக்க சுருள்வில், அதற்கெனத் தனிப் பட்டறை என்று அந்தப் பேச்சு நீள்கிறது. ஆனால் நூறாண்டு வரலாற்றை நோக்கினால், இந்நாட்டில் ஓடிய காரின் சஸ்பென்ஷன் தொழிற்சாலையில் நிறைவு பெற்றதே அரிது. தயாரிப்பாளரின் வரைபடம் முதல் வரைவாக இருந்தது. சாலையும் சுமையும் பட்டறைக்காரரும் சேர்ந்து அதை எழுதி முடித்தார்கள். இந்த உண்மையை இன்றைய சட்டம் அறியாதது போல் இருப்பதும், அதை அறிந்திருந்த கைகள் எழுத்தில் எதையும் விட்டுச்செல்லாததும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

தொடக்கம் குதிரைவண்டியில் இருக்கிறது. 1804ஆம் ஆண்டளவில் லண்டனில் ஒபதயா எலியட் என்பவர் நீள்வட்ட வடிவப் பட்டைவில்லுக்குக் காப்புரிமை பெற்றார். வண்டியின் உடலை அச்சுகளின் மேல் நேரடியாக வில்லில் தாங்கச்செய்த இந்த அமைப்பு, கோச்சு வண்டிகளோடு இந்திய நகரங்களுக்கும் வந்தது. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் முதலில் கோச்சு வண்டி கட்டும் நிறுவனமே. இத்தகைய பட்டறைகளில் தச்சரும் கொல்லரும் பட்டைவில்லைக் காய்ச்சவும் வளைக்கவும் கட்டவும் பழகினர். பின்னர் மோட்டார் கார் வந்தபோது எஞ்சின் புதிதாக இருந்தது, அடியிலிருந்த வில் புதிதாக இல்லை. தொடக்ககாலக் கார்களில் பெரும்பாலானவை பட்டைவில்லின் மேலேயே ஓடின. ஆகவே இந்தியக் கொல்லர் காரின் மற்ற உறுப்புகளைவிட அதன் சஸ்பென்ஷனை முதலில் தமதாக்கிக்கொண்டார்.

இந்தத் தொடர்ச்சியைச் சொற்களே காட்டுகின்றன. வட இந்தியப் பட்டறையின் ‘மிஸ்திரி’யும் தமிழ்நாட்டுக் கட்டுமானத்தின் ‘மேஸ்திரி’யும் போர்த்துக்கீசிய ‘மெஸ்த்ரெ’ என்னும் ஒரே சொல்லின் வழித்தோன்றல்கள். பட்டறையின் தலைவரைக் குறிக்கும் ‘உஸ்தாத்’ பாரசீகச் சொல். ‘யூ போல்ட்’, ‘சென்டர் போல்ட்’, ‘ஷேக்கிள்’, ‘புஷ்’ என உதிரிப்பாகங்களின் பெயர்கள் ஆங்கிலம். வில்லின் பெயரும் வேலையாளின் பெயரும் ஆங்கிலத்துக்கு முந்திய அடுக்கில் இருக்க, மாற்றத்தக்க பாகங்களின் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எந்த அறிவு இங்கே ஏற்கெனவே இருந்தது, எது பெட்டியில் அடைத்து வந்தது என்பதை இந்தச் சொல்லடுக்கு ஓரளவு உணர்த்துகிறது.

பிரித்தானியத் தயாரிப்பாளர்கள் காலனி நாடுகளின் சாலைகளை அறியாதவர்கள் அல்லர். உயர்ந்த அடிப்பகுதியும் வலுவான வில்லும் கொண்ட ‘காலனிய’ வகைகளைச் சில நிறுவனங்கள் தனியே செய்தன. 1920களின் பிற்பகுதியில் மோரிஸ் நிறுவனம் பேரரசின் பெயரையே தாங்கிய ‘எம்பயர் ஆக்ஸ்ஃபோர்டு’ என்ற காரைக் கொண்டுவந்தது. அது வணிகத்தில் வெற்றி பெறவில்லை. பேரரசுக்கெனத் தொலைவிலிருந்து வரையப்பட்ட காரைவிட, ஆங்கிலச் சாலைக்காக வரையப்பட்டு உள்ளூரில் திருத்தப்பட்ட கார்களே இந்தியாவில் நிலைத்தன. அதே மோரிஸின் பிற்கால ஆக்ஸ்ஃபோர்டு அவற்றுள் முதன்மையானது.

1953இல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டு உற்பத்தித் திட்டம் உள்ள நிறுவனங்களே கார்த் தொழிலில் தொடரலாம் என்று பரிந்துரைத்தது. பாகங்களை இறக்கிப் பூட்டி விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அடுத்த 30 ஆண்டுகளுக்கு இந்தியச் சாலை பெரும்பாலும் இரண்டு கார்களுக்கும் ஒரு ஜீப்புக்கும் உரியதாயிற்று. உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டது. மும்பையின் குர்லாவில் பிரீமியர் செய்த ஃபியட் 1100, பின்னர் ‘பத்மினி’ ஆனது. மகிந்திராவின் ஜீப் அமெரிக்க வில்லிஸின் வழிவந்தது.

இம்மூன்றின் அடிப்பகுதியும் மூன்று வகை. அம்பாசடரின் முன்சக்கரங்களைத் தாங்கியது முறுக்குத் தண்டு. நீண்ட எஃகுத் தண்டின் ஒரு முனை சட்டத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேலெழும்போது தண்டு முறுக்கிக்கொள்ளும், பிறகு தளர்ந்து மீளும். பத்மினியின் முன்புறத்தில் சுருள்வில் இருந்தது. இரண்டின் பின்புறத்திலும் பட்டைவில். ஜீப்பிலோ நான்கு மூலைகளிலும் பட்டைவில். அரசுப் பொறுப்பாளரின் காராகவும் வாடகைக் காராகவும் மலைப்பாதையில் குடும்பத்தோடு மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் வண்டியாகவும் ஒரே அம்பாசடர் இருந்தது. இப்பணிகள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வில் வேண்டும். தொழிற்சாலை ஒன்றையே தந்தது. எஞ்சியதைப் பட்டறை செய்தது.

பட்டறை செய்ததில் கணக்கு இருந்தது, எழுத்து இல்லை. ஐந்து பட்டைகள் கொண்ட கட்டில் அதே தடிப்பும் அகலமும் உள்ள ஆறாவது பட்டையைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு கூடும். ஆனால் விறைப்பு, பட்டையின் தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் மாறுவது. 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் பட்டையை வைத்தால் அந்தப் பட்டையின் விறைப்பு இரண்டே கால் மடங்குக்கும் மேலாகும். இந்தச் சூத்திரத்தைப் படித்தறியாத மிஸ்திரிக்கு அதன் விளைவு தெரியும். ஆகவே அவர் தடித்த பட்டையை எளிதில் சேர்க்கமாட்டார். மெல்லிய பட்டை ஒன்றை நடுவில் செருகி, வண்டியைத் தரையிலிறக்கி, பின்புறம் எவ்வளவு அமர்கிறது என்று பார்ப்பார். சோர்ந்து தட்டையான வில்லைக் கழற்றி, சம்மட்டியால் அடுத்தடுத்து அடித்து வளைவை மீட்பதும் அவர் வேலையே. முறிந்த பட்டைகூட வீணாவதில்லை. கார்பன் மிகுந்த அந்த எஃகு நேபாளக் குக்ரியாகவும் தமிழ்நாட்டு அரிவாளாகவும் மறுபிறவி எடுக்கிறது. வில் என்று பெயர் பெற்ற பொருள் கடைசியில் படைக்கருவியாகவே முடிவதில் ஒரு சொல்வரலாற்றுப் பொருத்தம் உண்டு.

இத்தகைய அறிவை ‘ஜுகாட்’ என்று புகழ்வது கல்விப்புலத்தில் ஒரு காலத்தில் பரவிய வழக்கம். அப்புகழ்ச்சி இரண்டு உண்மைகளை மறைக்கிறது. ஒன்று, இது திடீரென உதித்த சமயோசிதம் அன்று, தலைமுறைப் பயிற்சி. பிரிட்டனின் வரலாற்றாளர் டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியான தம் நூலில், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பின் கோணத்திலிருந்து பயன்பாட்டின் கோணத்துக்குத் திருப்ப வேண்டும் என்று வாதிட்டார். பழுதுபார்ப்பும் பராமரிப்பும் அப்போதுதான் வரலாற்றுக்குள் வரும். இந்தியக் கமானித் தொழில் அவ்வாதத்துக்குத் தகுந்த சான்று. மற்றொன்று, இவ்வறிவுக்கு எல்லைகள் இருந்தன, அவ்வெல்லைகளில் உயிர்கள் போயின.

எல்லை எங்கே என்பதை இயற்பியலே சொல்லும். வில் ஆற்றலைச் சேமிக்கும், ஷாக் அப்சார்பர் அதைச் செலவழிக்கும். வில்லின் விறைப்பு 20 விழுக்காடு கூடினால், அதே எடையில் வண்டியின் இயல்பதிர்வு ஏறத்தாழ 10 விழுக்காடு விரைவுபடும். அதற்கேற்ப ஷாக் அப்சார்பரும் வலுப்பெறாவிட்டால் மேடு தாண்டிய பின்னும் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும், துள்ளும் கணங்களில் சக்கரத்தின் பிடி குறையும். பழைய அமைப்பில் இக்குறை ஓரளவு மறைந்திருந்தது. பட்டைவில்லின் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே ஒரு தணிப்பு கிடைத்தது. வேகமும் மணிக்கு 60 கிலோமீட்டரை அரிதாகவே தாண்டியது. மிஸ்திரியின் அறிவு சுமையைப் பற்றியது. வேகத்தைப் பற்றி அது அதிகம் சிந்திக்க நேரவில்லை, ஏனெனில் சாலையே அதற்கு இடம் தரவில்லை.

சாலை ஏன் அப்படி இருந்தது என்ற கேள்வியும் அதே பட்டறைக்குத் திரும்புகிறது. காருக்குப் பட்டை சேர்த்தவரே லாரிக்கும் சேர்த்தார். கூடுதல் பட்டை என்றால் கூடுதல் பாரம். அமெரிக்காவின் இல்லினாயில் 1958 முதல் 1960 வரை நடந்த புகழ்பெற்ற சாலைச் சோதனை, சாலைக்கு நேரும் சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்மடிக்கு ஏற்ப உயர்கிறது என்று காட்டியது. அச்சின் மேல் 20 விழுக்காடு பாரம் கூடினால் சேதம் இருமடங்காகும். லாரிக்குச் சேர்த்த பட்டை சாலையைக் குழியாக்கியது, அந்தக் குழிக்காகக் காருக்குப் பட்டை சேர்க்க நேர்ந்தது. அளவுக்கு மீறிய பாரத்தைக் கட்டாயம் தடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் கண்டிப்புடன் ஆணையிட்டது. 2018இலோ மத்திய அரசு, இரண்டு அச்சு லாரிக்கு அனுமதித்த மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. கமானிக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்ததில் ஒரு பகுதி அவ்வாறு சட்டத்துக்குள் வந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தபோது மிஸ்திரியின் கைக்கும் வண்டியின் அடிக்கும் இடையே ஒரு திரை விழுந்தது. அதன் முன்புறத்தில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு இருந்தது. சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சக்கரம் திரும்பும் அச்சும் அதில் ஒரே தொகுதி. பட்டைவில் வண்டியில் ஒரு பட்டை சேர்த்தால் உயரமும் விறைப்பும் மாறும், சக்கரத்தின் கோணம் பெரிதாக மாறாது. ஸ்ட்ரட் வண்டியை உயர்த்தினால் சக்கரத்தின் சாய்வும் திசையும் சேர்ந்தே மாறும். முன்சக்கரங்களுக்கு ஆற்றல் செலுத்தும் தண்டுகளின் கோணமும் மாறி மூட்டுகள் விரைவில் தேயும். சுருள்வில்லைச் சம்மட்டியால் திருத்த முடியாது. அடைத்து முத்திரையிட்ட ஷாக் அப்சார்பரைத் திறந்து எண்ணெய் மாற்றவும் அது இடம் தராது. அம்பாசடரின் மூலவடிவமான மோரிஸில் இருந்த நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பருக்கு எண்ணெய் நிரப்ப ஒரு வாயே இருந்தது. புதிய வண்டியில் பழுதுபார்த்தல் என்ற வினை மாற்றிப்பூட்டுதல் என்ற வினையாகச் சுருங்கியது.

ஆயினும் சாலைகள் வண்டிகளின் வேகத்தில் மாறவில்லை. வேகத்தடைக்கு இந்தியச் சாலைப் பேராயம் வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கத்தக்க மென்மையான வளைவு. தெருக்களில் காண்பது பெரும்பாலும் அதில் கால்பங்கு அகலமும் அதைவிட மிகுந்த உயரமும் உள்ள தார் மேடு. ஐந்து பேர் அமர்ந்ததும் அடி தட்டும் கார்களுக்காகச் சுருள்வில்லின் வளையங்களுக்கிடையே ரப்பர் செருகுவது, வில்லின் கீழே வட்டு வைப்பது ஆகிய வழிகள் பரவின. பழைய தர்க்கம்தான், வண்டி புதிது. அங்கேதான் ஆபத்தும் புதிதானது. பல இந்தியக் கார்களில் பின்பிரேக்கின் அழுத்தத்தைச் சுமைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பின்னச்சுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டே அது சுமையை உணர்கிறது. பின்புறத்தை உயர்த்திவிட்டு அந்த வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், நிறைந்த வண்டியையும் அது காலி வண்டி என்றே கருதும், பின்பிரேக் தன் பங்கைச் செய்யாது. கண்ணுக்கும் கைக்கும் புலப்படாத இத்தகைய தொடர்புகளே புதிய வண்டியின் இலக்கணம். பழைய மொழியில் பிழையற்றிருந்த வாக்கியம் இதில் பிழையாகிறது.

தனித்தேர்ச்சிப் பட்டறைகள் உருவான பின்னணி இதுவே. மோட்டார் பந்தயமும் மலைப்பாதை ராலிகளும் அவற்றின் பள்ளி. சென்னையை அடுத்த சோழவரத்தின் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள், 1980களின் இமயமலை ராலி, கோவையில் எஸ். கரிவர்தன் மாருதி எஞ்சினைக் கொண்டு கட்டிய ஃபார்முலா பந்தயக் கார்கள் ஆகியவை வேகத்துக்கான சஸ்பென்ஷன் என்ற சிந்தனையை வளர்த்தன. 1985இல் வந்து, தன் காலம் முடியும்வரை நான்கு மூலைகளிலும் பட்டைவில்லோடே ஓடிய மாருதி ஜிப்சி, இரண்டு உலகங்களுக்கும் பாலமாயிற்று. கமானிக்காரரும் அதைத் திருத்தலாம், ராலிப் பொறியாளரும் திருத்தலாம். நல்ல தனிப்பட்டறை இன்று வில்லின் விறைப்பை அளந்து, ஷாக் அப்சார்பரை அதற்குப் பொருத்தி, சக்கரக் கோணங்களைக் கருவியில் சரிபார்த்து, பிரேக் வால்வையும் சோதித்தே வண்டியைத் திருப்பித் தருகிறது. வீட்டிலேயே செய்வோர் பலர் இவற்றுள் முதல் வேலையோடு நின்றுவிடுகின்றனர். வில்லை மாற்றுவது எளிது. மாற்றிய பின் வண்டி முழுவதையும் மீண்டும் ஒத்திசைப்பதே கடினம்.

சட்டம் இந்த வரலாற்றின் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பதிவுச்சான்றின் விவரங்கள் பொருந்தாத அளவுக்கு வண்டி மாற்றப்பட்டால் அதைப் பதிவதிகாரிக்கு அறிவிக்கச் சொன்னது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு முன் அனுமதி கேட்டது. 2000இல் திருத்தப்பட்ட அதே பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடுமாறு மாற்றவே கூடாது என்றது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. அறிவித்தல், அனுமதி பெறுதல், கூடாமை என்று வினைகள் இறுகிய வரிசையில், வண்டியின் பொருளை முடிவுசெய்யும் உரிமை உரிமையாளரிடமிருந்தும் பட்டறையிடமிருந்தும் தயாரிப்பாளருக்குப் பெயர்ந்தது.

பாதுகாப்பு இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது, அது பொய்க் காரணமும் அன்று. ஆனால் 52ஆம் பிரிவின் விளக்கம், வண்டியின் ‘அடிப்படைப் பண்பு’ மாறும் வகையிலான கட்டமைப்பு மாற்றத்தையே மாற்றம் என்கிறது. அடிப்படைப் பண்பு எது என்று அது வரையறுக்கவில்லை. பதிவுச்சான்றில் வண்டியின் நிறத்துக்கு இடம் உண்டு, வில்லின் விறைப்புக்கு இல்லை. தேய்ந்த ஷாக் அப்சார்பருக்குப் பதில் வேறு நிறுவனத்தின் தரமான ஒன்றைப் பூட்டியவரும், சுருள்வில்லை வெட்டி வண்டியைத் தரையோடு தாழ்த்தியவரும் அந்தச் சான்றின் பார்வையில் ஒரே நிலையில் நிற்கிறார்கள். இருவரையும் அது காண்பதில்லை. சாலைச் சோதனையில் ஒருவேளை இருவரும் ஒரே தண்டத்தைச் செலுத்த நேரலாம். உயிருக்குத் துணையான மாற்றத்தையும் உயிரைப் பறிக்கும் மாற்றத்தையும் பிரித்தறியாத சட்டம், தான் காக்க விரும்பும் பாதுகாப்பையே தற்செயலுக்கு விட்டுவிடுகிறது.

வழி அடைபட்டுவிடவில்லை. 2019 திருத்தமே 52ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தது. வண்டி மாற்றத்துக்கான அளவுகளையும் ஒப்புதல் முறையையும் மத்திய அரசு வகுக்கலாம், அவ்வாறு செய்த மாற்றத்தால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் செல்லாததாகாது என்பது அதன் சாரம். அந்த இடத்தை நிரப்ப அளவுகள் வேண்டும். எந்த வண்டிக்கு, எந்தச் சுமையில், எவ்வளவு விறைப்பு, அதற்கு எந்தத் தணிப்பு, எந்தப் பிரேக் திருத்தம் என்ற கேள்விகளுக்கான விடைகளில் ஒரு பகுதி தனிப்பட்டறைகளின் கணினிகளில் இருக்கிறது. மற்றொரு பகுதி தில்லியின் காஷ்மீரி கேட்டிலும் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும் சென்னையின் புதுப்பேட்டையிலும் வயது முதிர்ந்த கைகளில் இருக்கிறது.

அக்கைகளின் அறிவு தமிழிலும் இந்தியிலும் பஞ்சாபியிலும் வங்காளத்திலும் பேசப்படுகிறது, எம்மொழியிலும் எழுதப்படவில்லை. தொழில்நுட்ப வரலாறு கற்போர் காப்பகங்களில் தேடினால் உத்தர்பாராவின் உற்பத்திக் கணக்கும் சுங்கவரி ஆணையத்தின் அறிக்கையும் கிடைக்கும். மலையேறும் வாடகை அம்பாசடருக்கு எத்தனையாவது பட்டைக்குக் கீழே புதிய பட்டையைச் செருகவேண்டும், ஏன் அங்கே செருகவேண்டும் என்பது கிடைக்காது. அம்பாசடர் 2014 மே மாதத்தில் நின்றது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் சாலையை விட்டு அகன்றது. அவ்வண்டிகளின் அடியில் படுத்து வேலை செய்தவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் செல்வதற்கு எஞ்சியிருக்கும் காலம் மிகுதியாக இல்லை.